கெபியின் காலடியில் ஒரு பதினைந்து வயதுத் தாய்

நம் பங்குகளில் மாதா கெபி இல்லாத ஆலயம் அரிது. கருங்கற்களை அடுக்கிக் குகைபோல் அமைத்து, உள்ளே நீலக் கச்சை அணிந்த லூர்து அன்னையை நிறுத்திவிட்டால், அந்த இடத்திற்கு ஒரு தனி அமைதி வந்துவிடுகிறது. தேர்வுக்குப் போகும் பிள்ளைகளும், பேறுகாலம் நெருங்கிய பெண்களும், யாரிடமும் சொல்ல இயலாத துயரத்தைச் சுமப்பவர்களும் ஆலயக் கதவு பூட்டியிருக்கும் வேளையிலும் அங்கே வந்து ஒரு மெழுகுதிரியை ஏற்றிவிட்டுப் போகிறார்கள். அயர்லாந்து நாட்டிலும் அப்படித்தான். 1954-ஆம் ஆண்டை மரியன்னை ஆண்டாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்தபோது, அந்நாட்டின் ஊர்தோறும், சாலையோரந்தோறும் புதிய கெபிகள் எழுந்தன. அந்த நாட்டில், லாங்ஃபோர்டு மாவட்டத்துக் கிரனார்டு என்னும் சிற்றூரின் மாதா கெபியில், 1984 ஜனவரி 31-ஆம் நாள் நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

அன்று செவ்வாய்க்கிழமை. குளிரும் மழையுமான நாள். ஆன் லவெட் என்னும் பதினைந்து வயது மாணவி காலையில் சீருடை அணிந்து வீட்டைவிட்டுப் புறப்பட்டாள். ஆனால் பள்ளிக்குச் செல்லவில்லை. பிற்பகலில் பள்ளிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த சிறுவர் சிலர் வழியில் ஒரு புத்தகப்பை கிடக்கக் கண்டனர். கெபிக்குள் சென்று பார்த்தபோது அன்னையின் சுருபத்தின் அடியில் அவள் குருதி வடிந்து கிடந்தாள். அவளருகே, அவள் தனியே ஈன்றெடுத்த ஆண்குழந்தை உயிரற்றுக் கிடந்தது. தொப்புள்கொடியை அறுப்பதற்கென்று அவள் ஒரு கத்தரிக்கோலையும் உடன் கொண்டு வந்திருந்தாள். சில மணி நேரத்திற்குப்பின் முல்லிங்கார் மருத்துவமனையில் அவளும் இறந்தாள். குருதிப்போக்கும் குளிரில் கிடந்ததும் அவள் உயிரைக் கொண்டுபோயின. தாயும் சேயும் ஒரே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டனர். அடுத்த மூன்று மாதங்களுக்குள் அதே வீடு இன்னொரு மகளையும் இழந்தது.

மறுநாள் பிப்ரவரி முதல் நாள், புனித பிரிஜித்தின் திருவிழா. அயர்லாந்தின் பாதுகாவலியான அப்புனிதையைப் பேறுகாலப் பெண்களுக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கும் துணையென்று அம்மக்கள் கொண்டாடுவர். பெத்லகேமில் மரியன்னைக்கு மருத்துவச்சியாக நின்றவள் பிரிஜித்தே என்று கூறும் நாட்டுப்புறக் கதையும் அங்கே உண்டு. அத்தகைய விழாவின் முன்னாளில்தான் இது நடந்தது.

அந்தக் கத்தரிக்கோல் நம்மை உறங்கவிடுவதில்லை. திகைப்பில் ஓடியவள் அதை எடுத்து வந்திருக்க மாட்டாள். தனக்கு நேரப்போவது இன்னதென்று அவள் அறிந்திருந்தாள். நாள்கணக்கில் எண்ணிப் பார்த்திருந்தாள். தன்னால் இயன்ற ஒரே ஆயத்தத்தையும் செய்திருந்தாள். யாரிடமாவது சொல்வது என்ற ஓர் ஆயத்தம் மட்டும் அவளுக்கு இயலவில்லை. தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் இருந்த வீடு. கன்னியர் நடத்திய பள்ளி. ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் சிற்றூர். கூப்பிடு தொலைவில் குருவானவர். இத்தனையும் இருந்தும் அவள் கல்லுருவை நாடிச் சென்றாள்.

பெயர் சொல்லாத ஒருவரின் தொலைபேசி அழைப்பால் செய்தி டப்ளினுக்குப் போயிற்று. 'சண்டே டிரிப்யூன்' ஏட்டில் எமிலி ஓ'ரைலி என்னும் இளம் செய்தியாளர் பிப்ரவரி 5-ஆம் நாள் அதை வெளியிட்டார். பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியத்தின் முறைகேள் அதிகாரியாக உயர்ந்தவர் அவர். நாடெங்கும் ஒரே கேள்வி எழுந்தது: யாருக்குமா தெரியாது? கிரனார்டு வாய் திறக்கவில்லை. வெளியூரார் வந்து கேட்டபோது கதவுகள் மூடிக்கொண்டன. ஊர்மேல் பழி சுமத்துவது எளிது. நாம் அதைச் செய்ய முற்படவில்லை. ஒரு பெண்பிள்ளையின் வயிறு கனத்துவருவதைக் கண்டும் காணாதிருக்கும் பழக்கத்தை அந்த ஊர் ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. அது நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயிற்றப்பட்ட பழக்கம். அப்பழக்கத்தின் வேர் எங்கே உள்ளதென்று பார்ப்பதே நம் நோக்கம்.

பலர் உடனே திருச்சபையின் மறையுரை மேடையைச் சுட்டிக்காட்டுவர். அதற்கு வருவோம். ஆனால் மேடைக்கு முன்பே மண் இருந்தது. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியதால் மூண்ட பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். மேலும் பத்து இலட்சம் பேர் கடல் கடந்தனர். எஞ்சிய குடியானவர்கள் ஒரு பாடம் கற்றுக்கொண்டனர்: நிலத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்தால் எல்லோரும் சாவோம். எனவே நிலம் முழுவதும் ஒரே மகனுக்கு. அவன் தந்தையின் காலம் முடியுமட்டும் மணமின்றிக் காத்திருப்பான். சீர்ப்பணம் கொடுத்து ஒரு மகளைக் கட்டிக்கொடுப்பார்கள். மற்றப் பிள்ளைகளுக்குக் கப்பல், குருமடம், கன்னியர் மடம். இப்படி அமைந்த குடும்பத்தில் மணமாகாத மகள் தாயாவது என்பது வெறும் ஒழுக்கக்கேடு அன்று. குடும்பக் கணக்கையே குலைக்கும் நட்டம். அக்குழந்தைக்கு நிலத்தில் பங்கில்லை; தாய்க்கு வரன் இல்லை; அவள் தங்கைக்கும் வரன் தட்டிப்போகும். மானம் என்று அவர்கள் அழைத்ததில் ஒரு பெரும்பகுதி வரப்பும் வாய்க்காலுமே. நிலத்தின் அச்சத்துக்கு நாம் சமயத்தின் ஆடையை உடுத்தினோம் என்று அயர்லாந்துக் கத்தோலிக்கர் சிலர் இன்று மனம் நொந்து சொல்வதில் உண்மை உண்டு.

1922-இல் விடுதலை பெற்ற புதிய அரசு, தான் ஆங்கிலேயரைவிடத் தூயது என்று உலகுக்குக் காட்ட விரும்பியது. அந்தத் தூய்மையின் சுமை பெண்பிள்ளைகளின் தோளில் ஏற்றப்பட்டது. 1925-இல் ஆயர்கள் நடன அரங்குகளின் தீமையைக் குறித்து எழுதிய அறிக்கை ஆலயந்தோறும் வாசிக்கப்பட்டது. 1935-இல் பொது நடன அரங்குகளுக்கு உரிமம் வேண்டுமெனச் சட்டம் வந்தது. அதே ஆண்டு கருத்தடைப் பொருள்களின் விற்பனையும் இறக்குமதியும் தடை செய்யப்பட்டன. இவற்றுக்கிடையே நடந்த ஒன்றைப் பலரும் அறியார். 1930-இல் அரசு, வழக்கறிஞர் காரிகன் என்பவர் தலைமையில் ஒரு குழுவை அமைத்து, பெண்களுக்கும் சிறுவர்க்கும் எதிரான பாலியல் குற்றங்களை ஆராயச் சொன்னது. காவல்துறைத் தலைவரே அதன்முன் சான்றளித்தார்; சிறுமியர்மீது இழைக்கப்படும் குற்றங்கள் எத்துணை மிகுதி, அவற்றுள் வழக்குமன்றம் வருபவை எத்துணைக் குறைவு என்பதை எடுத்துரைத்தார். 1931-இல் அறிக்கை அளிக்கப்பட்டது. அரசு அதை வெளியிடாமல் உறைக்குள் வைத்துவிட்டது. நாட்டின் பெயர் கெடும் என்பது காரணம். இசைவு வயது பதினேழாக உயர்த்தப்பட்டது உண்மையே. ஆனால் தம் பிள்ளைகளுக்கு என்ன நேர்கிறதென்று பெற்றோர் அறிவதற்கான வழி அடைக்கப்பட்டது. நடனமாடச் செல்லும் பெண்ணே ஆபத்து என்று ஊர் கேட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், உண்மையான ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பது ஓர் அலுவலக அலமாரியில் உறங்கிக்கொண்டிருந்தது.

கருவுற்ற பெண்ணுக்கு எஞ்சிய வழி என்ன? இங்கிலாந்துக்குக் கப்பலேறுவது ஒன்று. அப்படி வந்திறங்கியவர்கள் எத்துணைப் பேர் என்றால், ஆங்கிலச் சமூகப் பணியாளர்கள் அவர்களுக்கெனவே 'பி.எஃப்.ஐ.' என்று ஒரு குறுக்கெழுத்து வைத்திருந்தனர்: 'அயர்லாந்திலிருந்து கர்ப்பமாக வந்தவள்'. மற்றொரு வழி, தாய்-சேய் இல்லங்கள். கார்க் நகரின் பெஸ்பரோ, ரோஸ்க்ரேயின் ஷான் ராஸ், காசில்பொலார்டு, கால்வே மாவட்டத்தின் டூயம் என்பவை அவற்றுள் சில. பெரும்பாலும் கன்னியர் நடத்தினர். அரசும் மாவட்ட மன்றங்களும் பணம் தந்தன. டப்ளினில் இருந்த பெதனி இல்லம் சீர்திருத்தச் சபையாருடையது. ஆகவே இது கத்தோலிக்கருக்கு மட்டுமே உரிய கதையன்று.

இந்த இல்லங்களை ஆராய 2015-இல் அமைக்கப்பட்ட ஆணையத்தின் அறிக்கை 2021 ஜனவரியில் வெளிவந்தது. அது ஆராய்ந்த 18 நிறுவனங்களில் 1922 முதல் 1998 வரை ஏறத்தாழ 56,000 தாய்மாரும் 57,000 குழந்தைகளும் இருந்திருக்கின்றனர். குழந்தைகளுள் ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர், நூற்றுக்குப் பதினைந்து. வந்த பெண்களின் வயது பன்னிரண்டிலிருந்து நாற்பதுக்கு மேல் வரை இருந்தது. பதினெட்டு நிறையாதவர் மட்டும் 5,616 பேர். பன்னிரண்டு வயது என்றால் நம் இல்லங்களில் உறுதிப்பூசுதலுக்குப் பாடம் படிக்கும் வயது. அந்த வயதுப் பிள்ளை தாயானாள் என்று பதிவேட்டில் எழுதியவரின் கை, தந்தை யார் என்ற கேள்வியைத் தொடர்ந்து எழுதவில்லை. 1930-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தையின் தந்தையிடம் பராமரிப்புப் பணம் கோர ஒரு பெண்ணுக்கு உரிமை இருந்தது. ஆனால் அவள் சொல் மட்டும் போதாது, அதை உறுதிசெய்யும் வேறு சான்றும் வேண்டும். இருளில் நடந்ததற்கு எந்தச் சான்றைக் கொண்டுவருவாள்? ஆகவே தாய் இல்லத்துக்குள் சென்றாள். தந்தை ஞாயிறு திருப்பலிக்குச் சென்றான்.

சொற்களையும் பார்க்க வேண்டும். முதன்முறை தாயானவர்களை 'முதல் குற்றத்தார்' என்றும், மறுமுறை வந்தவர்களை அதற்கேற்பவும் அலுவலர்கள் அழைத்தனர். 1927-ஆம் ஆண்டு ஏழையர் நிவாரணம் குறித்த அரசு அறிக்கையே 'திருத்தத்திற்கு இணங்கக்கூடியவர்' என்றும் 'நம்பிக்கை குறைந்தவர்' என்றும் அவர்களைப் பிரித்தது. குற்றவாளிக்குரிய மொழி ஒருத்தியின்மேல் படிந்துவிட்டால், அவளுக்கு அளிக்கப்படும் கஞ்சியும் போர்வையும்கூடத் தண்டனையின் அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன. 1943-இல் பெஸ்பரோவில் பிறந்த அல்லது சேர்க்கப்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 75 பேர் பச்சிளம் பருவத்திலேயே இறந்தனர். அரசின் தலைமை மருத்துவ ஆலோசகர் ஜேம்ஸ் டீனி அங்கே சென்று, குழந்தைகளின் துணிகளை விலக்கிப் பார்த்தபின்பே தோல்புண்ணும் வயிற்றுப்போக்கும் வெளிப்பட்டன. போர்வை மேலே சுத்தமாகவே இருந்தது! 1945–46-இல் இத்தகைய இல்லங்களில் குழந்தைகளின் இறப்பு விகிதம், நாடு முழுவதும் மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தைகளின் சராசரி இறப்பு விகிதத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. இவை மறைக்கப்பட்ட எண்களும் அல்ல. அரசு வெளியீடுகளிலேயே அச்சாகி வந்தவை. படித்தவர் உண்டு, பேசியவர்தாம் இல்லை. 'தெரியாமல் போயிற்று' என்று நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இங்கே செல்லாது.

இனி அறியாமையைப் பற்றிச் சிறிது பேசவேண்டும். ஏனெனில் பதின்பருவப் பெண்ணின் கதையில் அதற்கே பெரும் பங்குண்டு. பிலோமினா லீ ஆறு வயதில் தாயை இழந்தவர். கன்னியர் பள்ளியில் வளர்ந்தவர். பதினெட்டு வயதில் லிமெரிக்கில் ஒரு சந்தைவிழாவில் ஓர் இளைஞனைச் சந்தித்தார். குழந்தை எப்படி உண்டாகிறதென்றே தமக்குத் தெரியாது என்று முதுமையில் அவர் கூறினார். 1952 ஜூலையில் ரோஸ்க்ரே இல்லத்தில் அவருடைய மகன் பிறந்தான். சலவைக் கூடத்தில் உழைத்துக்கொண்டே மூன்று ஆண்டுகள் மகனைக் கண்ணால் கண்டுவந்தார். 1955-இல் அவன் அமெரிக்கத் தம்பதியருக்குத் தத்தாகக் கொண்டுசெல்லப்பட்டான். பின்னாளில் மகன் தாயைத் தேடி ரோஸ்க்ரேக்கு வந்தான்; தாயும் மகனைத் தேடி அங்கே சென்றார். இருவருக்கும் ஒருவர் இருப்பிடம் ஒருவருக்குச் சொல்லப்படவில்லை. மகன் 1995-இல் இறந்தான். தான் பிறந்த அந்த மண்ணிலேயே தன்னைப் புதைக்கும்படி கேட்டிருந்தான். தாய் அவனைக் கண்டது கல்லறையில். 2014-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைச் சந்தித்தார்.

அவர் கருவுற்ற காலத்திற்குச் சற்று முன்பு, 1951-இல், நலவாழ்வு அமைச்சர் நோயல் பிரௌன் ஒரு திட்டம் கொண்டுவந்தார்: தாய்மாருக்கும் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் இலவச மருத்துவம், அத்துடன் தாய்மை குறித்த அறிவூட்டல். ஆயர்கள் எதிர்த்தனர். மருத்துவர் சங்கமும் எதிர்த்தது. அதன் காரணம் வேறு, வருமானம். ஆயர்களின் தடைகளுள் ஒன்று, பெண்களுக்குத் தாய்மையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க அரசுக்கு உரிமை இல்லை என்பது. அது குடும்பத்துக்கும் திருச்சபைக்கும் உரியதாம். கொள்கையளவில் இதில் நியாயம் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த உரிமையைக் குடும்பமும் திருச்சபையும் பயன்படுத்தியிருக்க வேண்டுமன்றோ? பயன்படுத்தவில்லை. அமைச்சர் ஏப்ரலில் பதவி விலகினார். லிமெரிக்குப் பெண்ணுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்கும் உரிமையைப் பறிகொடுக்காமல் காத்தவர்கள், சொல்லிக்கொடுக்கும் கடமையை யாரிடமும் ஒப்படைக்காமலே விட்டுவிட்டனர்.

எழுபதுகளில் காற்று மாறத் தொடங்கியது. 1972-இல் மணமாகாத தாய்மார் சிலர் தாமே கூடி 'செரிஷ்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். இவர்களுக்காகப் பிறர் பேசிய நாள் போய், இவர்களே பேசிய முதல் முயற்சி அது. மறு ஆண்டு அரசு மணமாகாத தாய்மாருக்கு உதவித்தொகை வழங்கிற்று. தன் குழந்தையைத் தானே வளர்க்கலாம் என்ற நிலை வந்ததும் பெரிய இல்லங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பாவத்தைப் பற்றிய போதனை எதுவும் மாறிவிடவில்லை. வாரந்தோறும் அஞ்சலகத்தில் கிடைத்த சிறு தொகைதான் கதவைத் திறந்தது. இதை நம்மவர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஆயினும் சட்டமும் பணமும் சென்ற வேகத்தில் தெருவின் நாக்கு செல்லவில்லை. தலைநகரில் மாறியது, கிரனார்டைப் போன்ற சிற்றூருக்கு வந்து சேரவில்லை.

ஆன் லவெட் இறப்பதற்கு ஏறத்தாழ ஐந்து திங்களுக்குமுன், 1983 செப்டம்பர் 7-இல், பிறவாத குழந்தையின் உயிருரிமையை அயர்லாந்து மக்கள் வாக்கெடுப்பின் வழியாக அரசியல் சட்டத்தில் எழுதினர். வாக்களித்தோருள் நூற்றுக்கு 66.9 பேர் ஆதரித்தனர். கருவிலுள்ள உயிர் கடவுளின் கொடை என்று நம்பும் நாம் அந்தத் தீர்ப்பின் உட்கருத்தைக் குறைகூறப் போவதில்லை. ஆனால் ஒன்றைக் கேட்காமலும் இருக்க இயலவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் கருவின் மாண்பைப் பற்றி நாடெங்கும் மறையுரைகள் முழங்கியபோது, கிரனார்டில் ஒரு பதினைந்து வயதுப் பெண் தன் வயிற்றில் ஒரு கருவுடன் வாழ்ந்துகொண்டிருந்தாள். அக்கருவைக் காக்க வாக்குச்சீட்டு இருந்தது. அதைச் சுமந்தவளை அணைத்துக்கொள்ள ஒரு மடி இல்லை. குழந்தையைக் கொல்லக்கூடாது என்று அவளுக்கு எல்லோரும் கற்பித்திருந்தனர். அவள் கொல்லவும் இல்லை. பெறுவதற்கு ஓரிடம் கேட்டால் வசைச்சொல்லே விடையாக வரும் என்றும் அதே சமூகம் கற்பித்திருந்தது. இரண்டு பாடங்களையும் நன்றாகக் கற்ற பிள்ளை அவள். 2018 மே 25-இல் அதே மக்கள் நூற்றுக்கு 66.4 பேராக அந்த விதியை நீக்கினர். அதை எண்ணி வருந்தும் நம்மவர், இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளில் அம்மக்கள் மனத்தில் கிரனார்டுக் கெபி இருந்தது என்பதையும் சேர்த்தே எண்ணிப்பார்க்க வேண்டும்.

1984 பிப்ரவரி 23-ஆம் நாள் வானொலியில் நடந்தது இந்த வரலாற்றில் மறக்கவொண்ணாதது. கே பர்ன் என்பவரின் காலை நிகழ்ச்சியை வீடுதோறும் பெண்கள் கேட்பது வழக்கம். ஆன் இறந்த செய்திக்குப்பின் அவருக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. அன்று அவரும் உடன் பணியாற்றிய இருவரும், கருத்தொன்றும் கூறாமல், இசையொன்றும் சேர்க்காமல், அக்கடிதங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தனர். தனியே பெற்றவர்கள், பெற்றதை இழந்தவர்கள், உறவினராலேயே கெடுக்கப்பட்டவர்கள், கணவனிடமும் பிள்ளைகளிடமும் பல ஆண்டுகளாக மறைத்தவர்கள் எழுதியிருந்தனர். பலர் பெயரிடவில்லை. அடுப்படியில் நின்று கேட்டவர்களுள் எத்தனை பேர் தம் கதையையே கேட்டனரோ! அதுவரை ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டுமே நேர்ந்தது என்று எண்ணியிருந்தாள்.

(அடுத்த ஆண்டு கோடையில் கார்க் மாவட்டத்துப் பாலின்ஸ்பிட்டில் கெபியில் மாதா சுருபம் அசைந்ததாகச் செய்தி பரவி, பல்லாயிரவர் இரவும் பகலும் அங்கே திரண்டனர். அதைப் பற்றித் தீர்ப்புக்கூற நமக்கு அறிவில்லை. சுருபத்தை அத்துணைக் கூர்ந்து நோக்கிய கண்கள், ஓராண்டுக்கு முன் வேறொரு கெபிக்குச் சென்ற பெண்ணையும் நோக்கியிருக்கலாமே என்ற ஏக்கம் மட்டும் எழுகிறது.)

பிறகு மாற்றங்கள் விரைந்தன. 1987-இல் முறைகேடாய்ப் பிறந்த குழந்தை என்ற வேறுபாடே சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. 1995-இல் உறவும் பாலியலும் குறித்த கல்வி பள்ளிகளுக்கு வந்தது. அப்போது, அறிவு கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவர் என்று அஞ்சியவர் பலர். 2001-இல் பதின்பருவத் தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகள் மூவாயிரத்துக்கு மேல். அதற்குப் பின் இருபது ஆண்டுகளுக்குள் அந்த எண் ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. காரணங்கள் பல இருக்கலாம். பேசினால் பெருகும் என்ற அச்சம் மெய்யாகவில்லை என்பது மட்டும் உறுதி.

2021-ஆம் ஆண்டு அறிக்கைக்கே மீண்டும் வருவோம். பழியின் பெரும்பகுதி குழந்தைகளின் தந்தையரையும் பெண்களின் சொந்தக் குடும்பத்தாரையும் சாரும். அரசும் திருச்சபைகளும் அதற்குத் துணைநின்றன, இசைந்தன என்று ஆணையம் கூறிற்று. அந்த இல்லங்களில் வாழ்ந்த பெண்கள் பலர் இதைக் கேட்டுக் கொதித்தனர். எங்கள் தாய்தந்தையரை அப்படி ஆக்கியவர்கள் யார் என்று கேட்டனர். அவர்கள் பக்கமே நம் மனம் சாய்கிறது. மகளை இல்லத்தின் வாயிலில் இறக்கிவிட்டுத் திரும்பிய தந்தை கொடியவன் அல்லன். ஞாயிறுதோறும் முன்வரிசையில் அமர்பவன். அடுத்த ஞாயிறும் அங்கேயே அமர வேண்டும் என்ற அச்சம்தான் அவனை ஓட்டியது. அந்த அச்சத்தை அவன் தானே உண்டாக்கிக்கொள்ளவில்லை. அறிக்கை வெளியான அன்றே அர்மா பேராயர் ஏமன் மார்ட்டின் திருச்சபையின் சார்பில் மன்னிப்பு வேண்டினார். மறுநாள் பிரதமர் மீஹால் மார்ட்டின் நாடாளுமன்றத்தில் வேண்டினார்.

கன்னியரை மட்டும் பழிப்பதற்கும் நம் நா எழவில்லை. 1842-இல் அயர்லாந்திலிருந்து கடல் கடந்து சென்னைக்கு வந்த பிரசன்டேஷன் சபைக் கன்னியர், ஜார்ஜ் டவுனில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினர். நம் பாட்டிமார் பலருக்கு எழுத்தறிவு தந்தது அந்த மண்ணின் கைகள்தாம். ஒரே நாடு, ஒரே செபமாலை. அங்கே பெண்பிள்ளைக்குப் பள்ளி திறந்த அதே துறவறம், இங்கே தவறிய பெண்பிள்ளைக்குச் சலவைக் கூடத்தையும் திறந்தது. ஊர் ஒதுக்கியவர்களை வேறு எவரும் ஏற்காதபோது அக்கன்னியர் ஏற்றனர் என்பதும் உண்மை. ஏற்றவர்களை ஊரின் கண்கொண்டே நோக்கினர் என்பதும் உண்மை. நாசரேத்தூரில் ஒரு கன்னி, ஊராருக்கு விளக்கம் சொல்ல இயலாத நிலையில் கருவுற்றிருந்தாள். அவளை ஊர்வாயில் போட்டுவிடாமல் காக்க ஒரு சூசை இருந்தார். அந்த மரியாவின் சுருபத்தைக் காலமெல்லாம் துடைத்துப் பொட்டுப்பூ வைத்தவர்களுக்கும், இந்த ஒற்றுமை கண்ணில் படவில்லை.

டூயம் ஊரின் இல்லம் 1925 முதல் 1961 வரை நடந்தது. அங்கே இறந்த குழந்தைகளைப் பற்றி முதலில் தேடத் தொடங்கியவர் பேராசிரியரும் அல்லர், நீதிபதியும் அல்லர்; கேத்தரின் கோர்லெஸ் என்னும் குடியானவர் வீட்டுப் பெண்மணி. உள்ளூர் வரலாற்றில் ஆர்வங்கொண்டு, பதிவு அலுவலகத்தில் சான்றிதழ் ஒன்றுக்கு நான்கு யூரோ வீதம் தம் கைப்பணத்தைக் கட்டி இறப்புச் சான்றிதழ்களைப் பெற்றார். 796 குழந்தைகளின் பெயர்கள் கிடைத்தன. அவர்களை அடக்கம் செய்ததற்கான பதிவு கிடைக்கவில்லை. 2012-இல் உள்ளூர் வரலாற்றிதழில் அவர் எழுதினார். 2014-இல் உலகம் கேட்டது. 2017-இல் நிலத்தடி அறைகளில் குழந்தைகளின் எலும்புகள் இருப்பதை ஆணையம் உறுதிசெய்தது. 2025 ஜூலையில் அவற்றை அகழ்ந்தெடுத்து அடையாளம் காணும் பணி தொடங்கிற்று.

இத்தேடலில் ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் தம் பள்ளிநாளை நினைவுகூர்ந்தார். இல்லத்துப் பிள்ளைகள் அவருடைய பள்ளிக்கும் வருவார்கள். மற்றவர்களோடு கலவாமல் தனியே அமர்த்தப்பட்டிருப்பார்கள். ஒருநாள் சிறுமி கேத்தரின், தோழி செய்ததைப் பார்த்துத் தானும், உள்ளே மிட்டாய் இல்லாத ஒரு மிட்டாய்த்தாளை அழகாக மடித்து அப்பிள்ளைகளுள் ஒருத்தியிடம் நீட்டினாள். அவள் ஆவலோடு வாங்கிப் பிரித்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.